சாணித் தெருவின் வெள்ளைப்பூ

(இரணியலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நோட்டீசில் 'அரிய நாட்டுச் செடிகளை விதையிலிருந்து வளர்த்தல்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மலையிலிருந்து ஏதோ அபூர்வ மூலிகை வரப்போகிறது என்று எண்ணி வந்தவர்கள் இருக்கலாம். நான் பேச வந்தது வேளைச்செடியைப் பற்றி. நல்வேளை, தைவேளை என்று சொல்வோமே, வெள்ளைப் பூ பூக்கும், அதுதான். மஞ்சள் பூ பூத்து, தொட்டால் கையில் ஒட்டுகிற நாய்வேளை அதன் பங்காளி. நாய்க்கடுகு என்றாலும் அதுவே. நாய்வேளை இன்றைக்கும் எங்கும் கிடக்கிறது. நல்வேளைதான் கண்ணில் படுவதில்லை. நல்வேளை உலகத்தில் அரிதாகிவிட்ட செடி என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் அதைச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். நம் தெருவில், நம் விளையோரத்தில் அது அரிது. எனக்கு அந்தக் கணக்கு போதும்.

இளையவர்களுக்காக அடையாளம் சொல்கிறேன். இடுப்பளவு வளரும் ஒருபருவச் செடி. ஒரு காம்பில் ஐந்து சிற்றிலை, விரித்த கைபோல. உடம்பெல்லாம் பிசுபிசுப்பான மயிர். இலையைக் கசக்கினால் கடுகு நெடி. பூவில் நான்கு வெள்ளை இதழ்கள், ஒவ்வொன்றும் மெல்லிய காம்பில் நிற்கும். சில செடிகளில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். பூவின் நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பி, அதன் பாதி உயரத்தில் ஆறு ஊதாக் கேசரங்கள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் சூலகம். இந்த நீண்ட கால்களைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் சிலந்திப்பூ என்றார்கள். நர்சரியில் 'கிளியோம்' என்று சொல்லி இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய கொத்துப்பூச் செடி ஒன்றைத் தருகிறார்களே, முள் இருக்கும், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர். ஊதாநீலப் பூவோடு சாலையோரத்தில் படர்ந்து கிடப்பது இன்னொன்று, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. காசு கொடுத்து வாங்குவதும், கேட்காமலே வந்து உட்கார்ந்ததும் வெளியூர். உள்ளூர்க்காரனுக்குத்தான் இடமில்லை.

பழைய தாவரவியல் நூல்களில் வேளையை ஆதொண்டைக் குடும்பத்தில் வைத்திருப்பார்கள். மரபணுவைப் படிக்கக் கற்ற பிறகு, இதற்கு மிக நெருங்கிய சொந்தம் கடுகும் முட்டைக்கோசும்தான் என்று தெரிந்தது. தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். நம் பாட்டிமார் நாய்வேளை விதையைக் கடுகோடு சேர்த்துச் சொன்னதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை, மூக்கு போதுமாயிருந்தது. உத்தராகண்ட் மலைக்காரர்கள் இன்றும் அந்த விதையை 'ஜக்கியா' என்று சொல்லி எண்ணெயில் பொரித்துத் தாளிக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். இரணியல் வேணாட்டு அரசர்கள் இருந்த ஊர். தலைநகரம் பத்மநாபபுரத்துக்குப் போகும் முன்பு இங்கே அரண்மனை இருந்தது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம். ஆகவே நம் செடிகளின் பதிவைத் தேட மலையாளக் கரைக்கும் போக வேண்டும். டச்சுக்காரர்களின் மலபார்த் தளபதியாகக் கொச்சியில் இருந்த வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற நூல், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. செடிகளின் பெயரும் பயனும் சொன்னவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பக்கத்து இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணிப் பிராமணர்கள் மூவரும் துணை நின்றார்கள். ஒன்பதாம் தொகுதியில் நாய்வேளையும் நல்வேளையும் 'ஆரியவேள', 'காரவேள' என்ற உள்ளூர்ப் பெயர்களோடு அடுத்தடுத்துப் படமாக இருக்கின்றன. லின்னேயஸ் 1753இல் லத்தீன் பெயர் வைத்தபோது இவை ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாக ஓலையில் இருந்தவை. கேரளத்தின் கே.எஸ். மணிலால் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டு அந்த லத்தீன் நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நூலகத்தில் கிடைத்தால் படத்தையாவது பாருங்கள்.

அதற்கும் முந்திய பதிவு நம்மிடமே இருக்கிறது. சங்கப் பாட்டில் வேளை மூன்று இடங்களில் இலையில் பரிமாறப்படுகிறது. மூன்றும் மூன்று நிலைமை.

சிறுபாணாற்றுப்படையில் வறுமை. கூரை இற்ற அடுக்களை. ஈன்ற நாய் பால் இல்லாமல் குரைக்கிறது. கிணைப்பறை கொட்டுவோர் குடிப் பெண் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். ஊரார் பார்த்தால் பேசுவார்களே என்று கதவை அடைத்துக்கொண்டு உறவோடு உண்கிறாள்.

புறநானூற்றின் 246ஆம் பாட்டில் கைம்மை. பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் மனைவி பெருங்கோப்பெண்டு, தீயில் இறங்கத் தடுத்த சான்றோரைப் பார்த்துப் பேசுகிறாள். நெய் படாத சோற்றுப் பிண்டம், எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளை, பரற்கல் படுக்கை, இவற்றோடு நாள் கழிக்கும் பெண் நான் அல்ல என்கிறாள். அந்தப் பாண்டியன் பெயரை நம் பூதப்பாண்டி ஊரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு உண்டு. அது வரலாற்றுக்காரர்கள் பாடு, நான் அதற்குள் போகவில்லை.

மூன்றாவது, 215ஆம் பாட்டு. எனக்கு வேண்டியது இதுதான். வடக்கிருந்து உயிர்விடப் போகிற கோப்பெருஞ்சோழன், தான் பார்த்தே இராத நண்பன் பிசிராந்தையாரின் பாண்டி நாட்டை நினைக்கிறான். என்ன நினைக்கிறான்? அரண்மனையையோ முத்தையோ நினைக்கவில்லை. வரகுச் சோறு. சாணம் பொடியாய்க் கிடக்கும் தெரு. அங்கே அடர்ந்து நிற்கும் வேளை. அதன் வெள்ளைப் பூவை ஆயர் வீட்டுப் பெண் வெண்தயிரில் இட்டுப் புளிப்பாகச் சமைக்கிறாள். அவரை கொய்யப் போனவர்கள் வயிறு நிறைய உண்கிறார்கள். சாகப்போகிறவன் நினைவில் நிற்கும் அளவுக்கு அது நல்ல சாப்பாடு.

பாட்டில் பூ வெள்ளை. ஆகவே அது மஞ்சள் நாய்வேளை அல்ல, நல்வேளை. இடமும் குறித்திருக்கிறது. காட்டைச் சொல்லவில்லை, வயலைச் சொல்லவில்லை. மாடு நடந்து, மாடு மிதித்து, சாணம் காய்ந்து தூளான தெரு. இது அலங்காரத்துக்குச் சொன்னது என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அப்படியல்ல என்று ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, செடியே காட்டிக் கொடுத்தது. நல்வேளை தழைச்சத்து மிகுந்த, கிளறப்பட்ட மண்ணைத் தேடி நிற்கிற செடி. கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பழைய மாட்டுப்பட்டி இருந்த இடத்தில், குப்பைமேட்டில், வீட்டோரத்தில் தானாக எழுவதைத் தாவரவியலார் எழுதி வைத்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டு, ஒரு சமுத்திரம், இரண்டையும் தாண்டி முகவரி ஒன்றுதான்.

அப்படியானால் இங்கே ஏன் போயிற்று என்பது தானே விளங்கும். இந்தக் கூட்டத்தில் வீட்டில் மாடு கட்டியிருப்பவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா. தொழுவம் போனதும் உரக்குழி போயிற்று. உரக்குழி போனதும் அதன் வரப்பில் நின்ற வேளை போயிற்று. முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்தாயிற்று. மதில் ஓரத்தில் மிஞ்சிய ஒரு சாண் மண்ணுக்குக் களைக்கொல்லி அடிக்கிறோம். ரப்பர் வைத்த விளையில் நிழல் கவிந்துவிடுகிறது, வேளைக்கு நிழல் ஆகாது. யாரும் இதை வெட்டி அழித்ததாகச் சொல்ல முடியாது. அது நின்ற இடத்தை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான். கொல்லன்விளைப் பக்கத்தில் ஒரு ஆச்சி என் வீட்டு வாசலில் சட்டியில் நின்ற வேளையைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு மக்கா, சட்டியில வச்சு வெள்ளம் விடுத? பறிச்சுப் போடப்பிடாதா?" என்றார். எந்த ஆச்சிக்கும் அது நியாயமான கேள்வி. அவர்கள் காலத்தில் அதை விதைத்தவர் எவருமில்லை. விதைக்க வேண்டியிருக்கும் என்று கனவும் கண்டிருக்க மாட்டார்கள்.

சமையல் பக்கம் ஒரு வார்த்தை. இலையில் கசப்பு உண்டு. கென்யாவில் வேகவைத்த கீரையைப் பாலில் ஊறவிட்டு மறுநாள் உண்பார்கள், கசப்பு தணியும். தாய்லாந்தில் இதைப் புளிக்கவைத்து ஊறுகாயாக்குகிறார்கள். நம் ஆய்மகள் தயிரில் இட்டாள், பெருங்கோப்பெண்டு சொன்ன வேளையில் புளி இருந்தது. ஒருவரை ஒருவர் பாராத அடுக்களைகள் எல்லாம் பாலுக்கும் புளிப்புக்குமே வந்து சேர்ந்திருக்கின்றன. பச்சையாகத் தின்று பார்க்க வேண்டாம், வேகவைத்து நீரை இறுத்துவிட்டு மோரில் இடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் ஏ, சி உயிர்ச்சத்துகளும் நிறைந்த கீரை. காதுவலிக்குச் சாறு விடலாமா என்று யாரோ முன்பே கேட்டார்கள். காது விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை, மருத்துவரிடம் போங்கள்.

நெல் விளையும் நாட்டில் பேசுகிறேன், ஆகவே இதையும் சொல்லியாக வேண்டும். நெல் கரியமில வாயுவைப் பிடித்து மாவாக்கும் முறையில் ஒரு குறை உண்டு. வெயில் ஏறினால் பிடித்ததில் ஒரு பங்கை விட்டுவிடும். சோளமும் கரும்பும் வேறு வழி வைத்திருக்கின்றன. வாயுவை முதலில் நான்கு கரியணு கொண்ட அமிலமாகக் கட்டி, இலை நரம்பைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் செலுத்தி, அங்கே செறிவாக வைத்து வேலையை முடிக்கின்றன. வெயிலில் விளைச்சல் அதிகம், தண்ணீர்ச் செலவு குறைவு. நல்வேளையும் அந்த வழிதான். நர்சரிக்காரர் தரும் தென் அமெரிக்கச் சிலந்திப்பூவோ நெல்லின் வழி. நெருங்கிய சொந்தக்காரர் இருவர், ஆளுக்கொரு வழி. இதைவிட நல்ல வாய்ப்பு விஞ்ஞானிகளுக்குக் கிடைக்குமா? கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள். 2023இல் நல்வேளையின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. நெல்லையும் அந்த வழிக்குத் திருப்ப முடியுமா என்று பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆய்வு நிறுவனத்தில் தொடங்கிய பெருமுயற்சிக்கு இந்த அறிவெல்லாம் தேவை. கும்பப்பூ நெல்வயல் வரப்பில் நாம் பிடுங்கி எறிந்தது அங்கே கண்ணாடிக் கூடத்தில் நிற்கிறது.

இனி விதை. நோட்டீசில் போட்டது இதற்குத்தான்.

வேளை விதை கேட்டு வாங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் பிறகு வந்து, "முளைக்கவில்லை, விதை பொக்கு" என்பார்கள். விதை பொக்கல்ல, உறங்குகிறது. நெற்று முற்றி விழுந்த விதை உடனே முளைக்காது. உள்ளே கரு சரியாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று முதல் ஆறு மாதம் வரை உலர்ந்து கிடந்து பழுத்தால்தான் கண் திறக்கும். இதில் செடிக்கு லாபம் இருக்கிறது. விழுந்த அன்றே ஒரு தூற்றலை நம்பி முளைத்தால் அடுத்த வெயிலில் கூண்டோடு போகும். தை, மாசியில் எடுத்த விதை ஆடிப்பட்டத்துக்குச் சரியாக இருக்கும். நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கிழக்கே இருப்பவர்களுக்கு இல்லாத வசதி. ஐப்பசி அடைமழையில் மட்டும் விதைக்காதீர்கள், தண்ணீர் தேங்கினால் வேளை அழுகிவிடும்.

அடுத்தது இருட்டு. கீரை விதை பொடியாக இருப்பதால் மண்மேல் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்து விட்டுவிடுவது நம் பழக்கம். தண்டுக்கீரைக்கு அது சரி. வேளைக்கு வெளிச்சம் பட்டால் முளைப்பு தடைபடும். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். இருட்டில், 30 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில், அல்லது இரவு 20 பகல் 30 என்று மாறி மாறி வரும் சூட்டில் நன்றாக முளைக்கிறது. ஆகவே அரை விரற்கடை ஆழத்தில் கோடு கீறி, விதையைப் போட்டு, பொடிமண்ணும் மக்கிய சாணமும் கலந்து மூடுங்கள். மிக ஆழமும் கூடாது, பொடி விதைக்கு ஏறிவர வலு இல்லை. இப்போது அந்தத் தெருவை மறுபடி நினையுங்கள். மாட்டுக் குளம்பு விதையை மிதித்து உள்ளே தள்ளுகிறது, சாணப்பொடி மேலே மூடுகிறது, வெயில் அதைச் சுடவைக்கிறது. இருட்டு, சூடு, உரம் மூன்றும் ஒரு குளம்படியில். நாம் செய்வதெல்லாம் மாடு செய்த வேலையைக் கையால் செய்வதுதான்.

அவசரக்காரர்களுக்கும் வழி உண்டு. தாய்லாந்தில் 2009இல் வெளியான ஆய்வொன்றில் புது விதையை 40 பாகை செல்சியசில் ஒன்று முதல் ஐந்து நாள் வைத்து உறக்கத்தைக் கலைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அதற்குக் கருவி வேண்டாம், ஓட்டுக்கூரையின் கீழ் பரணில் பங்குனி மாதத்தில் துணியில் முடிந்து தொங்கவிட்டால் போதும் என்பது என் எண்ணம். மொட்டை மாடி சிமெண்டில் நேர் வெயிலில் போடாதீர்கள், அந்தச் சூடு 40இல் நிற்காது. ஜிப்ரலிக் அமிலம் என்று கடையில் விற்கும் பயிர் ஊக்கியும் வேலை செய்யும். ஆனால் காத்திருந்தால் சும்மா கிடைப்பதற்குக் காசு கொடுப்பானேன்?

நாற்று எடுத்து நடுவது வேண்டாம். வேளைக்கு ஆணிவேர் நீளமாக இறங்கும், பக்கவேர் குறைவு. பிடுங்கினால் துவண்டுவிடும். நிற்க வேண்டிய இடத்திலேயே விதைத்து, ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிட்டு, கலைத்ததைச் சமைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கடந்தால் கீரை கிள்ளலாம். பூமொட்டைக் கிள்ளக் கிள்ள இலை தொடர்ந்து வரும்.

பூச்சி வரும். அதில் ஒன்றை விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தரையை ஒட்டித் தடுமாறிப் பறக்கிற சின்ன வெள்ளை வண்ணத்துப்பூச்சி, முன்சிறகில் ஒரு கரும்பொட்டு இருக்கும், அதன் புழு வேளை இனத்தையும் ஆதொண்டை இனத்தையும் தின்று வளர்வது. இலையின் கடுகு நெடி பெரும்பாலான பூச்சிகளை விரட்டும், இதற்கோ அதுவே விருந்தழைப்பு. கென்யாவில் இந்த இலையெண்ணெய் மாட்டு உண்ணியை விரட்டுகிறது என்று 1990களில் கண்டார்கள். மாட்டுத் தொழுவத்தோரம் நின்ற செடிக்கு அந்தக் குணமும் இருப்பது பொருத்தம்தான்.

விதை எடுப்பதில் கவனம் வேண்டும். நெற்று ஒல்லியாக, விரல்நீளத்தில் இருக்கும். கீழிருந்து இரண்டு தோடாகப் பிரிந்து விதையைக் கொட்டிவிடும். காய்ந்து பழுப்பாகும்வரை காத்திருந்தால் மண்தான் விதை எடுத்துக்கொள்ளும். மஞ்சளாகத் திரும்பும்போதே கொய்து, தாள் பையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு அடைத்தால் பூசணம் பிடிக்கும். கருப்பு, சொரசொரப்பான, கடுகைவிடச் சிறிய விதை. நன்றாக உலர்ந்தால் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

ஒரு செடியிலிருந்து ஊர் முழுக்கக் கொடுக்காதீர்கள். எத்தனை செடியில் முடியுமோ அத்தனை செடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்குங்கள். இல்லாவிட்டால் ஊர் நிறைய ஒரே தாயின் பிள்ளைகளாக நிற்கும், ஒரு நோய் வந்தால் எல்லாம் போகும்.

வேளைக் கூட்டத்தில் இன்னும் சிலர் நம் நாட்டில் இருக்கிறார்கள். குளத்தங்கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் ரோஜா நிறத்தில் பெரிய பூ பூப்பது ஒன்று, தக்காணத்தில் பார்க்கலாம். ஒற்றை இலை மட்டும் உள்ளது ஒன்று. கடலோர மணலில் நூல்போன்ற இலையோடு நிற்கும் மெல்லிய இனம் ஒன்று. மணவாளக்குறிச்சி வரை நமக்கு மணல் இருக்கிறது, கண் வைத்துப் பாருங்கள். அழகில் முதலாவது எந்த நர்சரிச் செடிக்கும் குறைந்ததல்ல, அதை நாம் தோட்டத்துக்குக் கொண்டுவராதது நம் சோம்பல். இவற்றில் எதையாவது கண்டால் செடியைப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். படம் எடுங்கள், நெற்று இருந்தால் பத்தில் ஒன்றை எடுங்கள், மற்றதை அங்கேயே விழவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் என்றால் அதுவும் வேண்டாம், அங்கே அனுமதி இல்லாமல் ஒரு விதையும் எடுக்கக் கூடாது.

வாசலில் மேசைமேல் தாள் பொட்டலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் விதை எடுத்த மாதம் எழுதியிருக்கிறது. 'ஆனி' என்று இருப்பது பழுத்த விதை, சித்திரை மழைக்கே போடலாம். 'தை' என்று இருப்பது ஆடிக்கு முன் வேண்டாம். வீட்டுக்கு ஒரு பொட்டலம்தான். உரக்குழி இருந்த இடம் யாருக்காவது நினைவிருந்தால் அங்கே போடுங்கள். நாலு செடி வந்தால் இரண்டைக் கிள்ளாமல் நெற்றுக்கு விடுங்கள், வரும் தை மாதம் எனக்கு ஒரு சிட்டிகை திருப்பித் தர வேண்டும். கேள்வி உள்ளவர்கள் கேளுங்கள், காதுவலி தவிர.